பனாமா சிட்டில ரெண்டு நாள் கிடைச்சா?

கேள்வி: ஆபீஸ் வேலையா பனாமா சிட்டி போறேன், வேலை முடிஞ்சு ரெண்டு நாள் ஃப்ரீ. கால்வாயைத் தவிர அங்க பார்க்க என்ன இருக்கு?

பதில்: நிறைய இருக்குங்க, ஆனா கால்வாயை விட்றாதீங்க ப்ளீஸ். 1914-ல திறந்தது, இன்னிக்கும் நேர்ல பார்த்தா பிரமிப்புதான். மிராஃப்ளோரஸ் லாக்ஸுக்கு (கப்பலைத் தண்ணியால ஏத்தி இறக்குற பெரிய தொட்டிகள்) காலையிலயே போயிடுங்க, நடுப்பகல்ல கப்பல் குறைஞ்சிடும். மாடியில நின்னா கண்ணு முன்னாடியே தண்ணி ஏற ஏற அவ்ளோ பெரிய கப்பலும் மெதுவா மேல வரும், ரெண்டு பக்கமும் தண்டவாளத்துல சின்ன எலெக்ட்ரிக் இஞ்சின்கள் கம்பி கட்டி கப்பலை சுவர்ல இடிக்காம நேரா பிடிச்சுக்கிட்டே வரும், தண்ணியை ஏத்த பம்ப் எதுவும் இல்ல, மேல இருக்கிற ஏரித் தண்ணி தானா இறங்கிதான் தொட்டி நிறையுது.

அடுத்து பழைய ஊர். 1519-ல ஸ்பானியர்கள் கட்டின பழைய பனாமா நகரம்தான் பனாமா வியஹோ, 1671-ல கடற்கொள்ளைக்காரன் ஹென்றி மோர்கன் படையெடுத்து வந்தப்போ எரிஞ்சு நாசமாச்சு. இப்போ இடிஞ்ச சுவர்களும் கதீட்ரல் கோபுரமும்தான் மிச்சம். அந்தக் கோபுரத்துல கண்டிப்பா ஏறுங்க. அதுக்கப்புறம் வேற இடத்துல கட்டினதுதான் காஸ்கோ வியஹோ. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அங்க நடந்தே சுத்துங்க, சான் ஹோசே சர்ச்ல தங்க முலாம் பூசின பெரிய பீடம் இருக்கு, அதைப் பார்க்காம வராதீங்க.

நேரம் இருந்தா அங்கோன் குன்று, உச்சியிலேர்ந்து நகரமும் கால்வாயும் ஒண்ணா தெரியும். செலவுக்கு அமெரிக்க டாலரே போதும். மே முதல் டிசம்பர் வரைக்கும் மழைக்காலம், குடையை மறக்காதீங்க.