மூன்றாவது முறையும் எழுத வேண்டுமா?

அம்மா, "கவலைப்படாதீங்க" என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். ஆனால் நீங்கள் கேட்டது ஆறுதல் இல்லை, சம்மதம். அதைத் தர என்னால் முடியாது. மருத்துவ நுழைவுத் தேர்வை உங்கள் மகள் மூன்றாவது முறை எழுத வேண்டாம்.

"அவ மனசுல என்ன இருக்குன்னு சொல்லவே மாட்டேங்கிறா" என்றீர்கள். பெரியப்பாவும் அத்தையும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் யார்தான் வாய் திறப்பார்கள்? யாரும் சொல்லாமலே அவள் கை எதைச் செய்கிறது என்று பாருங்கள். பக்கவாதம் வந்த பாட்டிக்கு, விழுந்த கையை முதலில் சட்டைக்குள் விட்டு, பிறகு நல்ல கையை விடச் சொல்லிக் கொடுத்தாள் என்று நீங்களே போகிற போக்கில் சொன்னீர்கள். நான் பேனாவைக் கீழே வைத்தது அந்த இடத்தில்தான். ஆக்குபேஷனல் தெரபியில், அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையில், கற்றுத்தரும் முறையே அதுதான். கழற்றும்போது நல்ல கை முதலில்.

அவளுக்கு நான் சொல்லும் படிப்பு அதுதான். அதைப் பலர் பிசியோதெரபி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பிசியோ முழங்கையின் அசைவையும் பலத்தையும் மீட்கப் பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், "எந்த வேலையைத் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" என்று கேட்டு, அங்கிருந்து தொடங்குவார். தானே சாப்பிட வேண்டும் என்றால் கரண்டியின் பிடியைத் தடிமனாக்குவார். தனியாகக் குளிக்க வேண்டும் என்றால் வீட்டுக்கே வந்து கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று அளப்பார். பென்சில் பிடிக்கத் திணறும் குழந்தை, மனநோயிலிருந்து மீண்டு வேலைக்குத் திரும்புகிறவர் எல்லாரும் இவரிடம் வருவார்கள். 1952-இல் தொடங்கிய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு இந்தப் படிப்புக்குக் குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்கிறது. படிக்கும்போதே நோயாளி முன்னால் உட்கார்ந்தாக வேண்டும்.

குறையும் உண்டு. முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும். ஒரு பொத்தானைப் போடப் பழகவே வாரக்கணக்கில் ஆகலாம். உறவினர்களுக்கு ஆயுசு முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் (அது எந்தப் படிப்பானாலும் தப்பாது).

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்கும் யோசனையை இன்றே விடுங்கள். அந்தக் கடன் அவள் தலையில்தான் விடியும்.

ஆக்குபேஷனல் தெரபி நடக்கும் ஒரு மறுவாழ்வு மையத்தில் அனுமதி கேட்டு, இரண்டு நாள் அவளை உட்கார வையுங்கள். திரும்பி வந்ததும் "பிடிச்சிருந்துதா?" என்று கேட்காதீர்கள், என்ன பார்த்தாள் என்று கேளுங்கள். அதுவரை பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.