ஓப்பன் ரானை மட்டும் நம்பி பாதிச் சேமிப்பா?
ஓப்பன் ரான் (கைபேசிக் கோபுரங்களில் பல நிறுவனங்களின் கருவிகளைக் கலந்து பயன்படுத்த வழிசெய்யும் தொழில்நுட்பம்) கருவி மட்டுமே செய்யும் சின்ன நிறுவனத்தில் சேமிப்பில் பாதியைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போடமாட்டேன். அமெரிக்காவில் வைமாக்ஸ் என்ற கம்பியில்லா இணையத் தொழில்நுட்பத்தை நம்பிய க்ளியர்வயர் நிறுவனம், 2007-இல் பங்கு 25 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த வருடமே இன்டெல், கூகுள், காம்காஸ்ட் எல்லாம் சேர்ந்து 320 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டன. ஆனால் பெரிய கைபேசிச் சேவை நிறுவனங்களான வெரைசானும் ஏடி அண்ட் டியும், வைமாக்ஸுக்குப் போட்டியான எல்டிஇ பக்கம் போய்விட்டன. கைபேசி செய்பவர்கள், கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தானே போவார்கள்? 2013-இல், ஏற்கெனவே க்ளியர்வயரில் பங்கு வைத்திருந்த ஸ்பிரின்ட் என்ற கைபேசிச் சேவை நிறுவனம் மிச்சப் பங்குகளை 5 டாலர் வீதம் வாங்கியது. அதுவும் வைமாக்ஸுக்காக இல்லை, க்ளியர்வயரிடம் இருந்த 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்காக.

சரி, உங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறங்கள். ஓப்பன் ரான் தோற்றாலும் விற்கக்கூடியதாகக் காப்புரிமையோ வேறெதுவுமோ இருக்கிறதா? அப்புறம், ஒரே வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு வருமானம் வருகிறது என்றும் பாருங்கள்.