இரவிகுளத்துக்கு அம்மாவையும் கூட்டிப் போகலாமா?

கேள்வி: மதுரை கோச்சடையில் இருக்கிறோம். பிப்ரவரி கடைசி சனி, ஞாயிறில் காரில் போய் ஒரு ராத்திரி தங்கி, இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்க ஆசை. அம்மாவுக்கு 66 வயது, மூட்டு வலி உண்டு. மகனுக்கு 8 வயது. பூங்காவுக்குள்ளேயே தங்க முடியுமா? அம்மாவால் அங்கே நடக்க முடியுமா?

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வழக்கமாக அங்கே ஆட்களை விடுவதில்லை. இது தெரியாமல் மூணாறு வரை போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. ஏப்ரலில் போங்கள். திறந்த புதிதில் போனால், குட்டிகள் தாய்க்குப் பின்னால் பாறை பாறையாகத் தாவுவதை உங்கள் மகன் பார்க்கலாம். கிளம்பும் முன் திறந்துவிட்டார்களா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொதுமக்கள் நடக்கிற ராஜமலைப் பகுதியில் ராத்திரி தங்க முடியாது. வனத்துறையின் மரக்கட்டை வீடு லக்கம் அருவிப் பக்கம் இருக்கிறது. ஆனால் மூட்டு வலிக்காரரோடு போகும்போது மூணாறு ஊருக்குள் அறை எடுப்பதே நல்லது. போடிமெட்டு ஏறி வரும்போது சின்னக்கானல் பக்கம் அழகழகான விடுதிகள் கண்ணில் படும். ஆசைப்படாதீர்கள். பூங்கா கேட் மூணாறைத் தாண்டி, உடுமலை ரோட்டில் இருக்கிறது. காலையில் அங்கிருந்து கிளம்பி வருவதற்குள் நல்ல நேரம் போய்விடும்.

அறை பதிவு செய்யும்போது ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: கார் நிற்கிற இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி? மலைச்சரிவில் கட்டிய ஓட்டல்களில் வரவேற்பறை ரோட்டு மட்டத்தில் இருக்கும், அறைகள் இரண்டு மாடி கீழே இருக்கும். கீழ்த்தளம் என்று சொன்னதை நம்பிப் போய், அம்மா மூச்சு வாங்கப் படியேறி வர வேண்டியிருக்கும். பூங்காவில் நடப்பதைவிட அதுதான் அதிகமாகப் படுத்தும்.

மதுரையிலிருந்து தேனி, போடி வழியாக மூணாறு சுமார் 160 கிலோமீட்டர். சனிக்கிழமை விடிகாலையிலேயே கிளம்புங்கள். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். உசிலம்பட்டியிலோ தேனியிலோ இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டால் பையன் வாந்தி எடுக்க மாட்டான். பூப்பாறை, ஆனையிறங்கல் பக்கத்தை இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும். 2023-இல் கம்பத்தையே கலக்கிய அரிக்கொம்பன் அந்தப் பக்கத்து யானைதான். அவனைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள், சரி, மற்ற யானைகள் அங்கேதானே இருக்கின்றன? மழைக்காலமாக இருந்தால், அதைத் தாண்டி மூணாறு போகும் வழியில் உள்ள கேப் ரோட்டில் மண் சரிந்திருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும்.

பூங்காவுக்கு ஞாயிறு காலை முதல் பஸ்ஸுக்கே ஆன்லைனில் டிக்கெட் போட்டு வையுங்கள். சனிக்கிழமை மதியமே முடித்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் மூட்டம் இறங்கிவிடும், கூட்டமும் சேர்ந்துவிடும்.

கேட்டிலிருந்து வனத்துறை பஸ் தேயிலைத் தோட்டம் வழியாக மேலே கொண்டுபோய் விடும். அப்புறம் தார்ப்பாதையில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஏற்றம். படிகள் கிடையாது. ஒரு பக்கம் ஆனைமுடியின் பாறைச்சரிவு, இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. மேடெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் இருண்ட சோலைக்காடு. 2,695 மீட்டர் ஆனைமுடியை நிமிர்ந்து பார்க்கலாம், ஏற விட மாட்டார்கள்.

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும். அம்மா கையில் ஒரு கைத்தடி, காலில் பிடிமானமுள்ள செருப்பு, தலைக்கு மப்ளர் இருக்கட்டும். ஏப்ரலிலும் காலைக் காற்று குளிரும்.

ஆடுகள் ஓடாதா என்று பையன் கேட்பான். ஓடாது. தேயிலைக் கம்பெனி துரைமார் வேட்டைக்காகக் காத்து வைத்திருந்த காடு இது. இங்கத்துப் பழங்குடிகளான முதுவர்கள்தான் காவலாளிகள். 1971-இல் அரசு எடுத்துக்கொண்டது, 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. உலகத்தில் வரையாடு அதிகம் உள்ள இடம் இதுதான். இப்போது சுடுவார் இல்லாததால், பாதையோரம் மனிதர்களைச் சட்டை செய்யாமல் மேயும். தொடவோ முறுக்கு, பிஸ்கட் நீட்டவோ கூடாது என்று பையனிடம் பஸ் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு முடியாவிட்டால் பஸ் இறக்கிவிடும் இடத்திலேயே உட்காரட்டும், குறையில்லை. என் பெரியம்மாவை அப்படித்தான் ஒருமுறை உட்கார வைத்துவிட்டுப் போனோம். அவர் பக்கத்தில் ஆறு வரையாடு வந்து மேய்ந்துவிட்டுப் போனதாம். கடைசி வரை ஏறிப்போன நாங்கள் பார்த்தது வெறும் மூட்டம்.