வாசகர் கேள்வி: ரோட்பிளாட்டும் பிகினிச் சாம்பலும்

கேள்வி: 1954-ல் பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் உள்ளமைப்பு ராணுவ ரகசியம். இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட் அதை எப்படிக் கண்டுபிடித்தார்? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: சாம்பலை வைத்துத்தான். மார்ச் 1-ல் குண்டு வெடித்தபோது, தடை எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த லக்கி டிராகன் என்ற ஜப்பானியப் படகில் வெண்சாம்பல் கொட்டியது. 23 பேரும் பாதிக்கப்பட்டனர். படகின் கதிரியக்கத்தை அளந்த ஜப்பானிய விஞ்ஞானி நிஷிவாகி, அந்த விவரங்களை பெல்ஜியத்தில் ரோட்பிளாட்டிடம் சொன்னார்.

கணக்கு உதைத்தது. ஹைட்ரஜன் குண்டின் ஆற்றல் லேசான அணுக்கருக்கள் சேரும் இணைவிலிருந்து வருவது; கனமான அணுக்கரு உடையும்போது வரும் பிளவுக் கழிவு அதில் வராது. பற்றவைக்கும் சிறிய பிளவுக் குண்டிலிருந்து மட்டும் இவ்வளவு வர வழியில்லை. ஜப்பானியர் பகுத்த சாம்பலில் யுரேனியம்-237 வேறு கிடைத்தது. அதன் அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் காலம்) 6.75 நாள்தான், சுரங்கத் தாதுவிலிருந்து வந்திருக்க முடியாது. யுரேனியம்-238-க்குள் ஒரு வேக நியூட்ரான் பாய்ந்து இரண்டு வெளியேறினால் 237 மிஞ்சும். அதற்கு 6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் தேவை. இணைவில் பிறக்கும் நியூட்ரானுக்கு 14 மில்லியன் உண்டு.

ஆக, இணைவு எரிபொருளைச் சுற்றி யுரேனியம்-238 உறை இருந்திருக்கிறது. மெதுவான நியூட்ரானுக்கு மசியாத அந்த மலிவு உலோகம், வேக நியூட்ரான் பட்டதும் பிளந்திருக்கிறது: பிளவு, இணைவு, மீண்டும் பிளவு. வெடிப்பின் பெரும்பங்கும் கழிவும் இந்த மூன்றாம் கட்டத்தில் வந்தவை. 1955-ல் ரோட்பிளாட் இதை அச்சில் போட்டுவிட்டார். ஹைட்ரஜன் குண்டு 'சுத்தமானது' என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

கேள்வி: அந்தக் குண்டு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வெடித்தது ஏன்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: லித்தியம்-7-ஐக் குறைத்து எடைபோட்டதால். எரிபொருளில் இருந்த இரு வகை லித்தியத்தில் லித்தியம்-6 மட்டுமே, இணைவுக்கு உதவும் கன ஹைட்ரஜனான டிரிட்டியத்தைத் தரும் என்று நினைத்தார்கள். வேக நியூட்ரான் பட்டால் லித்தியம்-7-ம் உடைந்து டிரிட்டியம் தருகிறது. அந்த நியூட்ரானும் கையில் மிஞ்சுகிறது. 6 மெகாடன் (ஒரு மெகாடன் = பத்து லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்து) என்ற மதிப்பீடு 15-ல் போய் நின்றது. சாம்பல் படிந்த பக்கத்து ரோங்கலாப் தீவின் மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தாமல் விட்டதுதான் பெருங்கொடுமை.

கேள்வி: அமெரிக்கா அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தில் இருந்தவர்தானே ரோட்பிளாட்? – வாசகர், சேலம்

பதில்: ஆமாம், ஆனால் 1944 இறுதியில் விலகிவிட்டார். ஹிட்லரை முந்தத்தான் சேர்ந்திருந்தார். ஜெர்மனி குண்டு முயற்சியைக் கைவிட்டது தெரிந்தபின் அங்கே இருக்க அவருக்குக் காரணமில்லை. 1950 முதல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவக் கல்லூரியில் கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். 1955-ல் அணு ஆயுத ஆபத்தை எச்சரித்த ரஸ்ஸல்-ஐன்ஸ்டைன் அறிக்கையில் கையெழுத்திட்டார். அதன்பேரில் கூடவிருந்த விஞ்ஞானிகள் மாநாட்டுக்கு நேரு டெல்லிக்கு அழைத்திருந்தார். 1956-ல் எகிப்தின் சூயஸ் கால்வாய் நெருக்கடி குறுக்கிட்டது. கடைசியில் 1957 ஜூலையில், கனடாவின் பக்வாஷ் கிராமத்தில் 22 விஞ்ஞானிகள் கூடினார்கள். 1995-ல் அமைதி நோபலில் பாதி அவருக்கு, மறுபாதி அந்த மாநாட்டிலிருந்து பிறந்த பக்வாஷ் அமைப்புக்கு.