நாற்பது பேருக்கு ஃபிளான்: பாண்டியில் எப்படிப் பார்த்து வாங்குவது?

கேள்வி: மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். சின்ன வயதில் பாண்டியில் வளர்ந்தவர், ஃபிளான் என்ற பிரெஞ்சு முட்டை இனிப்பு என்றால் உயிர். விருந்துக்கு 40 பேர். போன ஞாயிறு மூன்று இடங்களில் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தோம். ஒன்று களி மாதிரி, ஒன்று ஜெல்லி மாதிரி, இன்னொன்று ஓட்டை ஓட்டையாக, முட்டை நாற்றத்தோடு. இதில் ஒரு கடைக்கு இணையத்தில் 5க்கு 4.8. யாரைத்தான் நம்புவது? ஆட்டோக்காரர் ஒருவர் "ஆர்டரை நானே பிடித்துத் தருகிறேன்" என்கிறார். சரிப்படுமா?
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கடைப் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. பாண்டியில் ஒரு கடையின் கஸ்டர்ட் ருசி, அங்கே அடுப்படியில் நிற்கும் ஒரே ஒரு ஆளின் கையில் இருக்கிறது. அவர் சம்பளம் போதாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டால் ருசியும் கூடவே கிளம்பிவிடும். 4.8 மட்டும் பலகையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதோடு, அந்த மதிப்பெண் போட்டவர்களில் பாதிப் பேர் மஞ்சள் சுவருக்கும் காகிதப்பூவுக்கும் போட்டிருப்பார்கள்.

ஃபிளான், கேரமல் கஸ்டர்ட், கிரேம் கேரமல், கேரமல் புட்டிங் என்று மெனுவில் பல பெயர் இருந்தாலும் நீங்கள் தேடும் பொருள் ஒன்றுதான்: பால், முட்டை, சர்க்கரை, அடியில் கருக்கிய சர்க்கரை. இறுகவைப்பது முட்டை மட்டுமே. முட்டை இல்லாத ஃபிளான் என்று யாராவது சொன்னால் அது வேறு பண்டம், அங்கேயே விட்டுவிடுங்கள்.

உங்களுக்குக் கிடைத்த முதலாவது, கஸ்டர்ட் பவுடர். 1837இல் பர்மிங்காமில் ஆல்ஃப்ரட் பர்ட் என்பவர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் கண்டுபிடித்தது. அடிப்படையில் சோள மாவும் மணமும் நிறமும். நாக்கில் பசை மாதிரிப் படியும். இரண்டாவது, கடல்பாசி. வெயிலில்கூட உருகாது. நாக்கை மேலண்ணத்தில் வைத்து அழுத்தினால் கரையாமல் துண்டு துண்டாக உடையும். முட்டையில் இறுகியது அப்படி உடையாது, வழுக்கிக்கொண்டு கரையும். மூன்றாவது உண்மையான சரக்குதான், அவசரத்தில் கெடுத்திருக்கிறார்கள். முட்டைக் கலவை 80 டிகிரியைத் தாண்டும்போது இறுகும். 90ஐ நெருங்கினால் முட்டை சுருங்கி, தண்ணீரை வெளியே தள்ளி, ஓட்டை விழுந்துவிடும். அந்த நாற்றமும் அதிகச் சூட்டில் வருவதுதான். கிண்ணங்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, ஓவனை 150, 160 டிகிரியில் வைத்து, முக்கால் மணி நேரம் பொறுமையாக இருந்தால் இது நடக்காது. இட்லிக் குண்டானில் தளதளவென்று கொதிக்கவிட்டு எடுத்தால் கட்டாயம் நடக்கும்.

கடையில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. தட்டில் வந்ததும், மேலே இருக்கும் பாகைக் கரண்டி முதுகால் ஓர் ஓரமாகத் தள்ளுங்கள். கீழே கஸ்டர்டின் மேல்தோல் பழுப்பாக, ஊறின சாயம் மாதிரி இருந்தால், சர்க்கரையை அடியில் கருக்கி ஊற்றி, அதன் மேலேயே வேகவைத்திருக்கிறார்கள். வெளுத்துப் போய் இருந்தால், பாட்டில் பாகை மேலே ஊற்றியிருக்கிறார்கள். உண்மையான பாகு தண்ணியாக ஓடித் தட்டில் தேங்கும், கடைசியில் லேசாகக் கசக்கும். பாட்டில் பாகு கெட்டியாக மேலேயே உட்கார்ந்திருக்கும், வெறும் தித்திப்பு. நிறத்தையும் பாருங்கள். நாமக்கல் பண்ணை முட்டையில் செய்தது வெளிறின தந்த நிறத்தில்தான் வரும். சாமந்தி மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் பவுடர்.

இதில் ஒரு விலக்கு. இதில்தான் நிறையப் பேர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள், ஆகவே விளக்கமாகவே சொல்கிறேன். பிரெஞ்சு பாணி பேக்கரிகளில் கண்ணாடிக்குள்ளே கேக் துண்டு மாதிரி முக்கோணமாக வெட்டி, கீழே மாவு ஓடு, மேலே கருகின புள்ளிகளோடு ஒன்று வைத்திருப்பார்கள். அதுவும் ஃபிளான்தான். பாரிஸ்காரர் பேக்கரியில் "ஃபிளான்" என்று கேட்டால் கையில் கிடைப்பது அதுதான். அதில் சோள மாவு இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும். அரை லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 45 கிராம். மாவு இருப்பதால்தான் முட்டை திரியாமல் அதை அடுப்பில் கொதிக்கவைக்க முடிகிறது, வெட்டினால் துண்டு நிற்கிறது. கேரமல் பாகே கிடையாது, ஆகவே கரண்டிச் சோதனையும் கிடையாது. அதைச் சாப்பிட்டுவிட்டு "பவுடர் போட்டு ஏமாற்றிவிட்டார்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அதே சமயம், கிண்ணத்தில் கவிழ்த்துத் தரும் கஸ்டர்டில் மாவைப் போட்டுவிட்டு "பிரான்சிலேயே இப்படித்தான்" என்று சொல்பவரை விடவும் விடாதீர்கள். ஓடு இருந்தால் மாவு சரி. ஓடு இல்லையென்றால் மாவு தப்பு. முதலில் மாமனாரைக் கேளுங்கள், அவர் சின்ன வயதில் சாப்பிட்டது ஓட்டோடு இருந்ததா, பாகோடு இருந்ததா என்று. அது தெரியாமல் 40 வாங்கினால் எல்லாமே வீண்.

சட்டம் உதவுமா என்றால், பொட்டலத்தில் அடைத்து விற்கும் முட்டைப் பண்டத்தில் அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் அச்சிட்டே ஆக வேண்டும். தட்டில் வைத்துத் தந்தால்? மெனுவில் கலோரி, ஒவ்வாமைப் பொருள் எல்லாம் போடச் சொல்லும் விதி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) மத்திய உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கடை நடத்துபவர்களுக்கும்தான். துமாஸ் வீதியில் ஆறு மேசை போட்டவர் "ஃபிளான்" என்று எழுதிக் கடல்பாசியைப் பரிமாறினால் அந்த விதி அவரைத் தொடாது. மூலப்பொருள் என்ன என்று நாலு சொல் கரும்பலகையில் எழுதவைக்க இவ்வளவு பெரிய அரசு இயந்திரத்தால் முடியவில்லை. நீங்கள்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி: "இது எப்போது செய்தது?" "இப்போதுதான், ஃப்ரெஷ்" என்றால் வேண்டாம். நேற்று மாலை செய்தது என்றால் வாங்குங்கள். கருக்கிய சர்க்கரை கண்ணாடி மாதிரி இறுகி அடியில் ஒட்டியிருக்கும். குளிர்பெட்டியில் ஓர் இரவு இருந்தால்தான் கஸ்டர்டின் ஈரத்தை இழுத்துப் பாகாகும். சனி, ஞாயிறு வந்தால் சென்னை, பெங்களூர்க் கூட்டம் குவியும், ஊறவைக்க எங்கே நேரம்? நீங்கள் தேடப் போனதும் ஞாயிறு. செவ்வாய், புதன் மாலையில் போங்கள். துமாஸ், சுஃப்ரேன், ரோமன் ரோலன் வீதிகளை நடந்தே பார்த்துவிடலாம். வார விடுமுறை கடைக்குக் கடை மாறும், போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆட்டோக்காரர் விஷயம்: கூடவே கூடாது. அவர் கமிஷன் உங்கள் கிண்ணத்திலிருந்துதான் போகும். விலையில் கைவைக்க முடியாதபோது முட்டையில் கைவைப்பார்கள். இப்படி ஆர்டர் பிடிப்பவர்களுக்குப் பின்னால் பல சமயம் கடையே இருக்காது, மிக்ஸ் பாக்கெட்டைக் கரைத்து ஊற்றும் ஓர் அறைதான். கணக்கு உங்களிடம் இருக்கட்டும்: கிண்ணத்துக்கு 110 மில்லி கஸ்டர்ட் என்றால் 40க்குப் பால் 3 லிட்டர், முட்டை 24, கஸ்டர்டுக்குச் சர்க்கரை 600 கிராம், கருக்க இன்னொரு 600. "முட்டை எத்தனை போடுவீர்கள்?" என்று கேளுங்கள். செய்பவர் உடனே சொல்வார். தரகர் "தேவையான அளவு" என்பார். முதலில் இரண்டு கிண்ணம் காசு கொடுத்து வாங்கிப் பாருங்கள். அதன் பிறகே முன்பணம், அதுவும் 14 இலக்க FSSAI எண் உள்ள பில்லோடு.

கடலூருக்கு எடுத்துவரும்போது தட்டில் கவிழ்த்த நிலையில் வாங்காதீர்கள், வழியிலேயே சரிந்துவிடும். கிண்ணத்தோடு, மூடி போட்டு, ஐஸ் பெட்டியில் நிமிர்த்தி அடுக்குங்கள். கிண்ணத்துக்கு வைப்புத்தொகை கேட்டால் தயங்காமல் கொடுங்கள், அலுமினியத்தில் வேகவைத்ததைப் பிளாஸ்டிக்குக்கு மாற்ற முடியாது. வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டி, 5 டிகிரிக்குக் கீழே. பந்தியில் இலை போட்ட பிறகுதான் கவிழ்க்க வேண்டும். மெல்லிய கத்தியை ஓரமாக ஒரு சுற்று விட்டு, தட்டை மேலே மூடித் திருப்புங்கள். இறங்கவில்லையென்றால் தட்டாதீர்கள், உதறாதீர்கள். கிண்ணத்தை லேசாகச் சாய்த்து ஒரு பக்கம் காற்றுப் போக வழிவிட்டால் சளக்கென்று தானே இறங்கும்.