வாசகர் கேள்வி பதில்: பாலியல் தொழில் செய்வோரை எந்தப் பெயரால் குறிப்பிடுவது?

கேள்வி: நான் ஒரு சுகாதார அமைப்பில் தொண்டூழியராக இருக்கிறேன். பால்வினை நோய்ப் பரிசோதனை பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்றைத் தமிழில் எழுதும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. "விபச்சாரி" என்பது அகராதியிலேயே உள்ள சொல், அதை எழுதுவதில் என்ன தவறு என்கிறார் ஒருவர். "பாலியல் தொழிலாளி" என்று எழுதினால் தவறான செயலுக்கு மதிப்புக் கொடுத்தது போலாகும் என்கிறார் இன்னொருவர். எதை எழுதுவது?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: "பாலியல் தொழிலாளி" என்றே எழுதுங்கள். வெளிநாட்டு ஊழியர், துப்புரவு ஊழியர் என்று எழுதிப் பழகிய நம் ஊரில் "பாலியல் ஊழியர்" என்று எழுதினாலும் பிழையில்லை.

"விபச்சாரி" அகராதியில் இருப்பது உண்மைதான். ஒரு சொல் வழக்கில் உண்டு என்பதற்கு மட்டுமே அகராதி சான்று. அதை ஒருவர் கையில் கொடுக்கும் தாளில் அச்சிடலாமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். வடமொழியிலிருந்து வந்த "விபசாரம்" என்பதற்கு நெறி பிறழ்தல் என்று பொருள். தமிழ் விவிலியத்தின் பத்துக் கட்டளைகளில் வரும் "விபசாரம் செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளை மணவாழ்வில் செய்யும் துரோகத்தைக் கண்டிப்பது. பணம் வாங்குவது பற்றிய பேச்சே அங்கு இல்லை. எரிகோ நகரில் இத்தொழிலில் இருந்த ராகாப் என்ற பெண்ணைக் குறிப்பிடும் இடத்தில் அதே நூல் "வேசி" என்ற வேறொரு சொல்லைக் கையாள்கிறது. ஆக, "விபச்சாரி" என்று எழுதுகிறவர் ஒரு பெண் எதைக் கொண்டு பிழைக்கிறார் என்று சொல்வதற்கு முன்பே, அவர் நெறி கெட்டவர் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். பரிசோதனைக்கு வாருங்கள் என்று அழைக்கும் தாளின் முதல் வரியிலேயே அந்தத் தீர்ப்பு இருந்தால், அதைப் படிக்கும் பெண் எப்படி வருவார்? சிங்கப்பூரில் இத்தொழிலில் உள்ள பெண்களைப் பரிசோதிக்கும் மருத்துவக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று 1976 முதல் நடைமுறையில் இருந்துவருகிறது. அத்தகைய திட்டம் எதுவாயினும், அந்தப் பெண்கள் மருந்தகத்தின் கதவைத் தயங்காமல் தட்டினால்தான் பயன் தரும்.

உங்கள் இரண்டாவது நண்பரின் கவலையையும் நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் ஒரு தொழிலுக்குப் பெயர் வைப்பது வேறு, அதை நல்லதென்று ஒப்புக்கொள்வது வேறு. நம் நாட்டுச் சட்டத்தில் பாலியல் சேவைக்குப் பணம் பெறுவது மட்டுமே குற்றமாகாது. பொது இடத்தில் ஆள் பிடிப்பதும், விடுதி நடத்துவதும், இன்னொருவரின் இந்த வருமானத்தில் பிழைப்பதும்தான் குற்றங்கள். இக்குற்றங்களை வரையறுக்கும், 1961ல் இயற்றப்பட்ட மாதர் சாசனம் என்ற சட்டத்தின் ஆங்கில மூலத்தில் பழைய சொல்லே இன்னும் இருக்கிறது என்று சிலர் வாதிடுவார்கள். சட்டத்தின் சொல் குற்றத்தை வரையறுக்க உதவும். ஒருவரை அழைக்கும் முறையை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. நியூசிலாந்தில் இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பில் பழைய சொல்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே தொழில் செய்பவரைக் குறிக்கும் இடத்தில் பாலியல் தொழிலாளி என்ற பொருள் தரும் சொல்லே வரையறுக்கப்பட்டுள்ளது.

இந்தப் பெயர் எங்கோ அலுவலகத்தில் அமர்ந்திருந்த அறிஞர்கள் சூட்டியது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் 1970களின் இறுதியில் இதை முன்வைத்த கேரல் லீ தாமே அந்தத் தொழிலைச் செய்தவர். சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில், இத்துறையை ஆண்கள் பெண்களைப் பயன்படுத்திக்கொள்ளும் துறை என்று பெயரிட்டிருந்ததைக் கண்டு, அதில் தாங்கள் செய்யும் வேலைக்கு இடமே இல்லையே என்று கேட்டவர் அவர். தமிழுக்கும் இது புதிதன்று. "தொழில் பண்றோம்", "தொழிலுக்கு வந்துட்டேன்" என்றுதான் இந்தப் பெண்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்த சொல்லுக்கு முன்னால் "பாலியல்" என்ற அடையை நாம் சேர்த்திருக்கிறோம், அவ்வளவுதான். இந்தச் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் திருநங்கைக்கும் பொருந்தும் என்பது இன்னொரு நன்மை. பழைய சொற்கள் அனைத்தும் பெண்ணை மட்டுமே குறிவைத்தவை. பணம் கொடுத்து வருகிற ஆணுக்கு "வாடிக்கையாளர்" என்ற மரியாதையான பெயர் எப்போதோ கிடைத்துவிட்டது.

பிரசுரத்தில் பெயர்ச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. "அழகிகள் சிக்கினர்", "மூன்று அழகிகள் மீட்பு" என்ற தலைப்புகளைத் தமிழ்ச் செய்தித்தாள்களில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். வெளிப்படையான வசைச்சொல் எதுவும் அவற்றில் இல்லை, ஆனால் கைதான ஒரு மனிதரை வேடிக்கைப் பொருளாக்குவதில் "அழகி" எந்த வசைக்கும் குறைந்ததில்லை. தமிழில் மரியாதை பெரும்பாலும் விகுதியில்தான் இருக்கிறது. "பாலியல் தொழிலாளி கைது செய்யப்பட்டாள், அவளிடம் விசாரணை" என்று எழுதிவிட்டால், நல்ல சொல்லைத் தேடிப் பிடித்த உழைப்பு வீண்தான். "அவர்" என்று எழுதுங்கள், வினையையும் அதற்கேற்ப முடியுங்கள். இயன்ற இடத்தில் "நீங்கள்" என்று நேரடியாகப் பேசுங்கள். பரிசோதனைப் பிரசுரத்தில் பல பத்திகளுக்குப் பெயரே தேவைப்படாது.

கேள்வி: உணவக வேலை என்று ஏமாற்றி அழைத்து வரப்பட்டு, கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, கட்டாயத்தின்பேரில் இதில் தள்ளப்பட்ட பெண்ணையும் "தொழிலாளி" என்பதா? அது கொடுமையை மறைக்கும் நாகரிகச் சொல்லாகத் தோன்றுகிறது.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அப்படிப்பட்டவரைத் தொழிலாளி என்று சொல்லக்கூடாது. அவர் ஆட்கடத்தலுக்கு ஆளானவர். அந்தக் குற்றத்தைத் தண்டிக்க இங்கே 2014ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரைப் பற்றி எழுதும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். அந்த வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவரின் பாலியல் சேவையைப் பணம் கொடுத்துப் பெறுவதே சிங்கப்பூரில் குற்றம். "சிறுமி விபச்சாரி", "இளம் பாலியல் தொழிலாளி" ஆகிய இரண்டுமே அந்தக் குற்றத்தைச் செய்தவரைச் சொற்றொடரிலிருந்து வெளியேற்றிவிட்டு, குழந்தையின் தலையில் ஒரு தொழிலைச் சுமத்துகின்றன. பாலியல் சுரண்டலுக்கு ஆளான சிறுமி என்று எழுதுவதே சரி.

நீங்கள் எழுப்பிய இதே கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்பும் வந்தது. பாலினம் குறித்த பழகிப்போன முன்முடிவுகளை நீதிபதிகள் தவிர்ப்பதற்காக அந்நீதிமன்றம் ஆகஸ்ட் 2023ல் ஒரு கையேட்டை வெளியிட்டது. பழைய ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகப் பாலியல் தொழிலாளி என்று பொருள்படும் சொல்லை எழுதலாம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. ஆட்கடத்தலுக்கு எதிராக உழைக்கும் அமைப்புகள், பலர் இதில் விரும்பி வந்தவர்கள் அல்லர் என்று சுட்டிக்காட்டியதை அடுத்து, அதே ஆண்டில் கடத்தலுக்கு ஆளானவர், கட்டாயத்தின்பேரில் சுரண்டலில் தள்ளப்பட்டவர் முதலிய விவரிப்புகளும் ஏற்கப்பட்டன. இரண்டு தரப்பும் பழைய வசைச்சொல்லைத் திரும்பக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விருப்பத்துக்கும் கட்டாயத்துக்கும் நடுவே வறுமை, கடன், பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று நீண்டதொரு பரப்பு இருக்கிறது. ஒரு பெண் அதில் எங்கே நிற்கிறார் என்பதை வெளியிலிருந்து நாம் தீர்மானிக்க முடியாது. அவர் தம்மைத் தொழிலாளி என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். என்னை ஏமாற்றினார்கள் என்று சொன்னால் அதை எழுதுங்கள். இரண்டும் தெரியாத நிலையில், "பாலியல் தொழிலில் இருந்த பெண்" என்று நடந்ததை மட்டும் சொல்வது பாதுகாப்பானது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பரத்தை, கணிகை, வரைவின் மகளிர் முதலான சொற்களையெல்லாம் பாடநூலிலிருந்து எடுத்துவிடச் சொல்வார்களோ என்று அஞ்சுகிறேன். தேவரடியார் என்ற சொல்லை வகுப்பில் உச்சரித்தாலே பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
– வாசகர், பிடோக்

பதில்: எதையும் எடுக்க வேண்டாம் ஐயா. மருதத்திணைப் பாடலில் பரத்தை பரத்தையாகவே இருக்கட்டும். அந்தச் சொல்லை இன்று கேலாங்கில் வாழும் ஒருவர் மீது ஒட்டாமல் இருந்தால் போதும்.

ஆனால் பழைய சொற்களையும் அவை யாருடைய பார்வையிலிருந்து பேசுகின்றன என்று கேட்டுத்தான் கற்பிக்க வேண்டும் என்பேன். குறளின் 92ஆம் அதிகாரத்தில் பொருட்பெண்டிர், மாய மகளிர், இருமனப் பெண்டிர் என்று பெயர்மேல் பெயராக வருகிறது. பத்துக் குறளும் ஆணை நோக்கிய எச்சரிக்கைகள். அவன் பொருளும் பெயரும் கெடாதிருக்கச் சொன்னவை. அந்தப் பெண் எந்த வழியில் அங்கு வந்து சேர்ந்தாள் என்பது அந்த அதிகாரத்தின் அக்கறையில் இல்லை. இதை மாணவர்களிடம் சொல்வதால் வள்ளுவர் குறைந்துவிடமாட்டார்.

தேவரடியார் பற்றி நீங்கள் எழுதியிருப்பது மனத்தை வருத்துகிறது. இறைவனுக்கு அடியவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வரப்பட்ட ஏறத்தாழ 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயில் பணிப் பெண்களுக்கு, ஆளுக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் ராசராசன் வழங்கினான். கல்வெட்டு அவர்களை மொத்தமாகச் சொல்லிக் கடந்துவிடவில்லை. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று பொறித்து வைத்திருக்கிறது. பின்னாளில் கோயில் மானியமும் அரச ஆதரவும் போனபின் அந்தப் பெண்களின் வாழ்வு செல்வந்தர்களின் கைக்குள் சிக்கியது. முத்துலட்சுமி ரெட்டியும், அதே மரபில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் எதிர்த்துப் போராடியது அந்தச் சுரண்டலைத்தான். 1947ல் சென்னை மாகாணம் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்தது. வழக்கம் ஒழிந்தது, சொல் மட்டும் சிதைந்து தெருச்சண்டையின் வசையாக எஞ்சிவிட்டது. உங்கள் மாணவர்கள் சிரிப்பது அந்த வசையை மட்டுமே கேட்டு வளர்ந்ததால். கல்வெட்டிலுள்ள பெயர்கள் சிலவற்றை அவர்கள் முன் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: என் மகன் நண்பர்களுடன் இணைய விளையாட்டில் இருக்கும்போது தாயைப் பழிக்கும் அந்த வசையைச் சாதாரணமாகச் சொல்கிறான். கேட்டால், யாரையும் குறித்துச் சொல்லவில்லை என்கிறான்.
– தாய், ஈசூன்

பதில்: அவன் மனத்தில் யாரும் இல்லாதிருக்கலாம். ஆனால் எதிரே இருப்பவனின் தாயை இழிவுபடுத்தினால் அவன் துடிப்பான் என்ற கணக்கில்தான் அந்த வசை வேலை செய்கிறது. இதை அவனிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பொருள் தெரியாமல் சொல்கிற பிள்ளைகளே அதிகம், தெரிந்தபின் நிறுத்துகிறவர்களும் உண்டு.

கேள்வி: டெஸ்கர் ரோட்டுக்குப் பக்கத்தில் உணவகம் நடத்துகிறேன். அந்தத் தொழிலில் உள்ள பெண்கள் சிலர் சாப்பிட வருவார்கள். அவர்கள் தங்களுக்குள் கொச்சையான பெயர்களைச் சொல்லிச் சிரித்துக்கொள்வதால், எங்கள் ஊழியர்களும் "ஐட்டம் வந்திருக்கு" என்று பேசுகிறார்கள். கண்டித்தால், அவர்களே சொல்லும்போது நாங்கள் சொன்னால் என்ன என்கிறார்கள்.
– வாசகர், லிட்டில் இந்தியா

பதில்: அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது சம நிலையில் இருப்பவர்களின் உரிமை, ஒரே வசையைச் சுமந்தவர்கள் அதை விளையாட்டாக்கி அதன் வலியைக் குறைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊழியர் அந்த வசையைச் சுமந்தவர் அல்லர். அவர் வாயிலிருந்து வரும்போது அது பழைய வசையாகவே போய்ச் சேரும்.

இப்பெண்களை மரியாதையுடன் அழைப்பதற்கு இந்த நகரத்தில் முன்மாதிரியும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் இத்தொழிலில் இருந்த சீனப் பெண்களை இகழ்ந்து பேசக் கன்டோனிஸ் மொழியில் ஒரு சொல் இருந்தது. நேரில் மரியாதையுடன் அழைக்க "ஆ கூ" என்ற விளி இருந்தது. ஜப்பானிலிருந்து வந்த பெண்களைக் குறித்த "கராயுகி-சான்" என்ற பெயரிலும் ஜப்பானியர் எல்லோருக்கும் சேர்க்கும் மரியாதை ஒட்டு இருக்கிறது. அவர்களில் பலர் வறிய குடும்பங்களிலிருந்து விற்கப்பட்டோ ஏமாற்றப்பட்டோ வந்தவர்கள். ஹவ்காங்கில் 1891ல் உருவான ஜப்பானிய இடுகாட்டில் அப்படிப்பட்ட பலர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

உங்கள் உணவகத்தைப் பொறுத்தவரை விடை எளிது. சாப்பிட வந்தவரின் தொழிலை அங்கே யாரும் குறிப்பிட வேண்டிய தேவையே எழாது. மற்றவர்களை "அக்கா" என்று அழைக்கும் கடையானால் இவர்களையும் "அக்கா" என்றே அழைக்கட்டும். "மேடம்" என்பது வழக்கமானால் அதுவே போதும். சமையற்கட்டுக்கு ஆர்டர் சொல்லும்போது மேசை எண்ணைச் சொல்லச் செய்யுங்கள். "ஐட்டம்" என்ற பேச்சைக் கடையின் விதியாகவே தடைசெய்து, மீறுகிறவரைத் தனியே அழைத்து ஒருமுறை உறுதியாகக் கண்டியுங்கள்.