எத்தனை சுண்டெலிகள் போதும்?

ஆய்வுக்கூடங்களில் விலங்குகளைப் பயன்படுத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் ஒரு மருந்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். பாவம் பார்த்து, மருந்து கொடுக்கும் குழு, கொடுக்காத குழு என இரண்டிலும் குழுவுக்கு 5 எலிகள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பதில்: உங்கள் மனம் சரி, கணக்குதான் உதைக்கிறது. மருந்து சர்க்கரையை 30 மில்லிகிராம் குறைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். எலிக்கு எலி உள்ள ஏற்ற இறக்கமும் (திட்ட விலக்கம்) 30 என்று வைத்துக்கொள்வோம். குழுவுக்கு 5 எலிகள் என்றால், மருந்து உண்மையிலேயே வேலை செய்தாலும் அது உங்கள் முடிவில் தெரியவரும் வாய்ப்பு 30 சதவீதத்துக்கும் குறைவு. பத்து எலிகளும் வீணாகப் போகும். வேறொருவர் முதலிலிருந்து தொடங்குவார். வழக்கமான 5 சதவீதப் பிழை வரம்பில் (வேலை செய்யாத மருந்தை வேலை செய்வதாகத் தவறாக முடிவுகட்டும் வாய்ப்பு) 80 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் குழுவுக்கு 17 தேவை. விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் 1959-இல் வலியுறுத்தினார்கள். கேள்விக்கு விடை கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணிக்கையையே அவர்கள் கேட்டார்கள். விடையே கிடைக்காத சிறிய எண்ணிக்கையில் யாருக்கும் பயனில்லை.

அதற்காக 17-ஐ அப்படியே ஏற்க வேண்டியதுமில்லை. ஏற்ற இறக்கத்தை 30-லிருந்து 20-க்குக் கொண்டுவந்தால் குழுவுக்கு 9 போதும். இரண்டு குழுவிலும் சேர்த்து 16 உயிர்கள் மிச்சம். எல்லா எலிகளையும் ஒரே அளவு நேரம் பட்டினி வைத்து, ஒரே மணியில் ரத்தம் எடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். பயந்த எலிக்குச் சர்க்கரை ஏறும், அதுவும் ஒவ்வொன்றுக்கு ஒவ்வொரு மாதிரி. கூண்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் போட்டுவைத்து, எலி அதற்குள் போனதும் குழாயோடு தூக்குங்கள்.

பலர் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். கூண்டில் கைவிட்டு அகப்பட்டதை முதல் குழுவில் போடுவார்கள். சோர்ந்த எலிதான் முதலில் அகப்படும். ஆக, ஒரு குழுவில் நோஞ்சான்களே சேர்ந்துவிடும். எண் போட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். எது எந்தக் குழு என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. இன்னொன்று, மருந்தைத் தண்ணீர்ப் புட்டியில் கலந்து கொடுப்பது. ஒரே புட்டியில் குடிக்கும் 5 எலிகளும் புள்ளியியல் கணக்கில் ஒன்றுதான். விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒரு புள்ளியியல் வல்லுநரைப் பாருங்கள். ஆய்வு முடிந்தபின் போனால், எது கெட்டது என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடியும்.

கேள்வி: வாயில்லா ஜீவனுக்கு வலிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போது நிறுத்துவது?

பதில்: ஆள் பக்கத்தில் நின்றால் எலி வலியை மறைக்கும், வேட்டையாடப்படும் விலங்கின் இயல்பு அது. கேமரா வைத்து முகத்தைப் பாருங்கள். கண் இடுங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காது பின்னால் சாய்வது, மீசை விறைப்பது என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் முறை 2010-இல் வந்தது. வலி நிவாரணி முடிவைக் கெடுக்கும் என்று அதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. அடக்காத வலியும் ஹார்மோன்களையும் நோய் எதிர்ப்பையும் மாற்றுகிறது. அந்த முடிவு மட்டும் எப்படிச் சுத்தமாகும்?

நிறுத்தும் எல்லையை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். எடையில் 20 சதவீதம் குறைந்தால் நிறுத்துவது பரவலான வழக்கம். 25 கிராம் எலி 20 கிராமுக்கு இறங்கினால் அதோடு சரி. புற்றுநோய் ஆய்வில் இந்தத் தராசு ஏமாற்றும். எலி இளைக்க இளைக்கக் கட்டி வளர்ந்து எடையை ஈடுகட்டும். முதுகெலும்பை விரலால் தடவிப் பார்த்தால் உண்மை தெரியும். ரத்தம் எடுப்பதிலும் அளவு வேண்டும்: அந்த எலியின் உடலில் மொத்தமே 2 மில்லிக்குக் குறைவாகத்தான் இருக்கும், ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது.

கேள்வி: எலிக்கு ஒத்துக்கொண்டது மனிதனுக்கு ஒத்துக்கொள்வதில்லை. பிறகு எதற்கு இந்தச் சோதனைகள்?

பதில்: பாதி உண்மை. 2006-இல் லண்டனில் டிஜிஎன் 1412 என்ற மருந்தை 6 தன்னார்வலர்களுக்குச் செலுத்தினார்கள். குரங்குகள் தாங்கிய அளவில் 500-இல் ஒரு பங்குதான். ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. மருந்து பற்றிக்கொள்ளும் புரதம், மனிதனின் ஒரு வகை நோய் எதிர்ப்பு அணுக்களில் இருக்கிறது, அந்தக் குரங்கின் அணுக்களில் இல்லை. கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் ஊனமாகப் பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தின் கதை வேறு: கருவுற்ற விலங்குகளில் முறையாகச் சோதிக்காமல் விற்றார்கள். பின்னர் சோதித்தபோது, எலிகளில் தெளிவாகத் தெரியாத ஊனம் முயல் குட்டிகளில் தெரிந்தது. எனவே எந்த விலங்கு, ஏன் அந்த விலங்கு என்பதற்குக் காரணம் சொல்ல முடியாத ஆய்வுக்கு அனுமதி தரவே கூடாது என்பது எங்கள் கருத்து.

மாற்று இருக்கும் இடத்தில் விலங்குக்கு வேலையில்லை. 1944-இல் வந்த டிரெய்ஸ் சோதனையில் முயலின் கண்ணில் 0.1 மில்லி ரசாயனத்தை விடுவார்கள். இன்று அந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு, மனித அணுக்களை வளர்த்து உருவாக்கும் விழிப்படலத் திசுவே விடை தருகிறது. பாதி விலங்குகள் சாகும் அளவைத் தேடிய 1927-ஆம் ஆண்டு நச்சுச் சோதனையின் பழைய வடிவம் 2002-இல், பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் சோதனை வழிகாட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது உள்ள முறைகளில் ஒன்றில், ஒரு படிக்கு 3 விலங்குகள்தான்.

கேள்வி: "விலங்குகளில் சோதிக்கப்படவில்லை" என்று ஷாம்பு புட்டியில் எழுதியிருந்தால் நம்பலாமா?

பதில்: புட்டியில் உள்ள கலவையைச் சோதிக்கவில்லை என்று மட்டும் அதற்குப் பொருள் இருக்கலாம், உள்ளே போன ரசாயனங்களைத் தனித்தனியாகச் சோதித்திருக்கலாம். நிறுவனத்துக்கு எழுதி மூன்று கேள்விகள் கேளுங்கள்: மூலப்பொருள்களுக்கும் இது பொருந்துமா, உங்களுக்காக வேறு நிறுவனம் சோதிக்கிறதா, எந்த ஆண்டிலிருந்து?